பத்துக்குளத்துத் தண்ணி மணி

பத்துக்குளம் என்று பேர் இருந்தாலும் அந்த ஊரில் குளம் என்று ஒன்றுகூடக் கிடையாது. ஒரு குளத்தின்மேல் பஸ் ஸ்டாண்டும், இன்னொன்றின்மேல் தாலுகா ஆபீஸும், மற்றவற்றின்மேல் கல்யாண மண்டபங்களும் எழும்பிவிட்டதால், தண்ணீர் எங்கோ இருக்கிற ஆற்றிலிருந்து குழாய் வழியாக வந்துகொண்டிருந்தது. வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்போது வரும் என்பது தண்ணீருக்கே தெரியாது. குளித்துக்கொண்டிருக்கும்போது வரும், கோயிலுக்குப் போயிருக்கும்போது வரும், துக்க வீட்டில் மாலையும் கையுமாக நிற்கும்போது வரும். வந்து, ஆள் இல்லை என்று தெரிந்ததும் கோபித்துக்கொண்டு போய்விடும். ஆகையால் அந்த ஊர்ப் பெண்கள் எந்த வேலை செய்தாலும் ஒரு காதைக் குழாயடியில் விட்டுவிட்டுத்தான் செய்தார்கள். மிச்சமிருந்த ஒரு காதால் கேட்ட பேச்சு பாதி புரியாமல் போய், அதனாலேயே பல குடும்பங்களில் சண்டை வந்தது.

பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொண்டிருந்த மரகதவடிவு இந்தச் சங்கடம் தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சின்னதாக ஒரு ஆப் எழுதினாள். குழாய் வாயில் விரல்நுனி அளவுக்கு ஒரு சென்சார். தண்ணீர் வந்தால் போனில் மணி அடிக்கும். அவ்வளவுதான் அதன் வேலை, அதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது, தெரியாததால் அது தப்பும் செய்யவில்லை. 'தண்ணி மணி' என்று பேர் வைத்தாள். முதன்முதலில் அதை ஏற்றியது இரண்டே போனில்: ஒன்று அவளுடையது, இன்னொன்று அவள் புருஷன் தளவாயுடையது.

தளவாயைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா, அது வயிற்றுக்கு. மனசுக்குப் பாட்டு. பல் தேய்க்கும்போது பாடுவான், சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பாடுவான், கோயில் கொடைத் திருவிழாவில் மைக் கிடைத்தால் கூட்டம் கலைகிறவரைக்கும் பாடுவான். பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பெண்ணைப் பாடச் சொல்வதுதானே வழக்கம்? மாப்பிள்ளையே பாடிக் காட்டிவிட்டு, "எப்படி இருக்கு?" என்று பெண்ணிடம் கேட்டான். கூடம் நிறைய ஆட்கள். கேசரி வேறு ஆறிக்கொண்டிருந்தது. மரகதவடிவு தலையைக் குனிந்தபடி, "தேன் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தையை மடியில் கட்டிக்கொண்டுதான், இந்த ஆப் வந்த பிற்பாடு சென்னைக்கு வந்த பதவி உயர்வை அவன் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தான். "ரசிச்சுக் கேக்கதுக்கு வீட்லயே ஒரு ஆளு இருக்கும்போது நமக்கு எதுக்கு மெட்ராஸ்?" என்றான்.

உண்மை என்னவென்றால், அவன் பாட்டு சகிக்காது. சுருதி ஒரு தெருவில் போனால் தளவாய் பக்கத்துத் தெருவில் போவான். முக்குக்கு முக்கு இரண்டு பேரும் சந்தித்துக்கொள்வதுபோலத் தோன்றும், ஆனால் சந்திக்க மாட்டார்கள். மரகதவடிவுக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். அதனாலேயே வாயைத் திறக்கவில்லை.

ஆப் எழுதி முடித்த அன்றைக்கு, மணியோடு சேர்ந்து செய்தியும் போகிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு வாக்கியம் அடிக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் 'சோதனை, சோதனை' என்று அடிப்பார்கள். அந்த நேரம் பார்த்துத் தளவாய் குளியலறையில் உச்சஸ்தாயிக்கு ஏறிக்கொண்டிருந்தான். அவள் விரல்கள் தாமாகவே அடித்தன: 'தளவாய் பாட்டு சகிக்கலை.' மணி அடித்தது, செய்தியும் போனது. அவன் துவட்டிக்கொண்டு வருவதற்குள், இருந்த இடத்திலிருந்தே, இரண்டு போனிலிருந்தும் அதை அழித்துவிட்டாள். ஆனால் ஆப்பின் அடிவயிற்றில், மணி ஒழுங்காக இருக்கிறதா என்று அது தன்னையே சோதித்துக்கொள்கிற இடத்தில், அந்த வாக்கியம் தங்கிவிட்டது. அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

பக்கத்து வீட்டு ஜெபக்கனிதான் முதலில் மோப்பம் பிடித்தாள். "நீங்க மட்டும் எப்படி மதினி தண்ணி வந்த ஒடனே குடத்தோட நிக்கிய?" என்று கேட்டு, தன் போனிலும் போட்டுக்கொண்டாள். ஜெபக்கனிக்குத் தெரிந்தது தெருவுக்குத் தெரிந்தது, தெருவுக்குத் தெரிந்தது வார்டுக்குத் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் மொபைல் கடை வைத்திருந்த கடற்கரை என்பவனுக்குத் தெரிந்தபோது ஊருக்கே தெரிந்துபோனது. போனை நீட்டினவர்களுக்கெல்லாம் ஆப்பை ஏற்றிக் கொடுத்தது அவன்தான். பாஸ்வேர்டு கேட்டதே என்று விழித்தவர்களுக்கெல்லாம் அவனே பாஸ்வேர்டும் வைத்துக் கொடுத்தான். ஊர் முழுக்க ஒரே பாஸ்வேர்டு: அம்மன்123. "மறக்காதுல்லா? மறந்தாலும் பக்கத்து வீட்ல கேட்டுக்கலாம்லா?" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை, எல்லோரும் பக்கத்து வீட்டில்தான் கேட்டுக்கொண்டார்கள்.

ஆள் சேரச் சேர ஆசையும் சேர்ந்தது. மணி அடிக்கிறதுதான் அடிக்கிறது, தங்கம் விலை இறங்கினால் அதற்கும் ஒரு மணி அடித்தால் என்ன என்றார்கள் சிலர், அடித்தது. யாராவது செத்தால் போஸ்டர் ஒட்டுவதற்குள் தூக்கிவிடுகிறார்கள், அதற்கும் ஒரு மணி என்றார்கள், அடித்தது. கரண்ட் போனால், கல்யாணத்துக்கு வரன் வந்தால், ராசிக்குச் சந்திராஷ்டமம் என்றால், நகராட்சித் தலைவர் சங்கிலிமுத்து காலை வணக்கம் சொல்லித் தன் படத்தை அனுப்பினால், எல்லாவற்றுக்கும் மணி. போதாக்குறைக்கு, வெளியே சொல்ல முடியாததை எழுதி வைத்துக்கொள்ள 'மனசுல உள்ளது' என்று ஒரு பெட்டியும் வேண்டும் என்று பெண்கள் கேட்க, அதையும் வைத்தாள். ஆண்கள்தான் அதில் அதிகம் எழுதினார்கள். மரகதவடிவு எதையும் மறுக்கவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள், வழியில் பார்த்தால் "டீச்சர்" என்று நின்று கும்பிடுகிறவர்கள், எப்படி மறுப்பது?

விளைவு, மணி அடித்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால் கீழத் தெருவில் யாரோ இறந்திருப்பார்கள். இறந்திருக்கிறார்கள் என்று மாலை வாங்கிக்கொண்டு ஓடினால் தங்கம் இறங்கியிருக்கும். தண்ணீர் வந்தால் மட்டும் அநேகமாக மணி அடிக்காது. ஊர் கோபித்துக்கொள்ளவில்லை, எந்த மணிக்கும் குடம், மாலை, நகைச்சீட்டுப் பாஸ்புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு வெளியே வரப் பழகிக்கொண்டது.

"இது எல்லாத்தையும் ஒரு ஆளு பாக்க முடியாதும்மா" என்றார், பாலிடெக்னிக்கில் அவளுடைய துறைத் தலைவர் ரஹ்மத்துல்லா. "உள்ள என்ன எழுதிருக்கன்னு காட்டு. நாங்க நாலு பேரு உக்காந்து வேண்டாததக் கழிச்சு சுத்தம் பண்ணித் தாரோம்."

காட்டியிருக்கலாம். காட்டினால் அடிவயிற்றில் கிடக்கிற வாக்கியம் அவர் கண்ணில் படும். அவர் தளவாயோடு வாரா வாரம் கேரம் விளையாடுகிறவர். "நானே பாத்துக்கிடுதேன் சார்" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து அந்த வாக்கியத்தை மட்டும் பிடுங்கிப் பார்த்தாள். அவ்வளவுதான், ஊரில் ஒரு போன்கூட மூச்சு விடவில்லை. தங்க மணி, சாவு மணி, தலைவர் படம் எல்லாம் ஒரேயடியாகப் படுத்துவிட்டன. சித்தாள் கைதவறி வைத்துவிட்டுப் போன செங்கலின்மேல் மூன்று மாடி எழும்பிவிட்ட கதைதான். பதறிப்போய்த் திருப்பிச் சொருகினாள். எல்லாம் எழுந்து உட்கார்ந்தது. அதன்பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை. ஓட்டை தெரிகிற இடத்தில் ஒட்டுப் போட்டாள், ஒட்டுக்குமேல் ஒட்டுப் போட்டாள், யாரையும் பக்கத்தில் விடாமல் தனியாகவே போட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் தண்ணீர் பேச ஆரம்பித்தது.

ஒரு காலையில் ஜெபக்கனி குடத்தைக் குழாயடியில் வைத்தாள். தண்ணீர் விழுந்தது. குடம் நிறையும்போது அடியில் கனத்துத் தொடங்கி மேலே போகப் போக மெலிந்துகொண்டு போகுமே ஒரு சத்தம், அந்தச் சத்தத்திலேயே குடம் சொன்னது: 'அஞ்சாம் தெரு டெய்லரு மவன் இந்த வருசமும் அரியர் வச்சிருக்கான், வீட்ல சொல்லல.' ஜெபக்கனி குடத்தை உற்றுப் பார்த்தாள். "அந்தப் பையனா?" என்று கேட்டாள். குடம் நிறைந்துவிட்டதால் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அதை இறக்கிவிட்டு அடுத்த குடத்தை வைத்தாள்.

'மனசுல உள்ளது' பெட்டியில் ஊர் எழுதிவைத்திருந்ததெல்லாம் குழாயில் வருகிறது என்பது அன்று மதியத்துக்குள் எல்லோருக்கும் புரிந்துபோனது. போனுக்குள் இருந்தது குழாய்க்குள் எப்படிப் போனது என்று யாரும் ரொம்ப யோசிக்கவில்லை. தண்ணீர் ஆப்பில் இருந்தது, ஆப் தண்ணீரில் இருந்தது, எங்கேயோ இரண்டும் கலந்துவிட்டது, சாக்கடையும் குடிநீரும் கலப்பதில்லையா என்றார்கள். அவர்கள் கவலையெல்லாம் இனி எப்படிப் புழங்குவது என்பதில்தான் இருந்தது.

சீக்கிரமே எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டானது. பித்தளைக் குடத்தில் பிடித்தால் தெளிவாகக் கேட்கும், பிளாஸ்டிக்கில் மூக்கடைத்த குரலாக வரும், அலுமினியம் திக்கும். டம்ளரில் சின்ன ரகசியம், அண்டாவில் குடும்பக் கதை. கொதிக்கவைத்தால் முதல் கொதியிலேயே ரகசியம் செத்துவிடும் என்பதால் பெரிய மனிதர்கள் வெந்நீர் மட்டுமே குடித்தார்கள். டீக்கடைகளில் வியாபாரம் மந்தமாகி, தண்ணீர்ப் பந்தலில் கூட்டம் நெரிந்தது. ஜாதகம் பார்ப்பதற்கு முன்னால் பெண் வீட்டுத் தெருக் குழாயில் ஒரு சொம்பு பிடித்துக் காதில் வைத்துப் பார்ப்பது வழக்கமானது. அபிஷேகத் தண்ணீர் பேசியபோது அர்ச்சகர் மணியை ஓங்கி ஆட்டினார். உப்பையும் ரகசியத்தையும் ஒருசேர எடுக்கும் என்று ஒரு பில்டர் கம்பெனிக்காரன் வந்து வீடு வீடாக விற்றுவிட்டுப் போனான். எடுக்கத்தான் செய்தது, ஆனால் கழுவுவதற்குத் திறந்தபோது உள்ளே தேங்கியிருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் பேசியதில் மூன்று வீடுகளில் சம்பந்திகள் பிரிந்தார்கள்.

நகராட்சி அலுவலகத்தில், 'குடிநீரில் வரும் தகவல்களுக்கு நகராட்சி பொறுப்பல்ல' என்று பலகை வைத்தார்கள். மேட்டுத் தெருக்காரர்கள், தங்கள் வார்டுக்குப் பழைய ரகசியம்தான் வருகிறது, புதிதெல்லாம் தலைவர் வார்டிலேயே நின்றுவிடுகிறது என்று காலிக் குடங்களோடு சாலை மறியல் செய்தார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான முறை ஒன்று இருந்தது. தண்ணீர் சொன்னதை வாய் சொல்லக் கூடாது. குடம் பேச ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்கிறவர்கள் இரும வேண்டும். கேட்டாலும் கேட்காததுபோல முகத்தை வைத்துக்கொண்டு, சம்பந்தப்பட்ட ஆள் எதிரே வந்தால் முன்னைவிட அன்பாக விசாரிக்க வேண்டும். ஊரே இருமிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சுகாதாரத் துறையிலிருந்து வேனில் வந்து எல்லோருக்கும் நெஞ்சைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்படியாக எல்லோருக்கும் எல்லோரைப் பற்றியும் தெரிந்து, யாரும் யாரிடமும் எதுவும் சொல்லாமல், பத்துக்குளம் முன்னெப்போதும் இல்லாத மரியாதையோடு நடந்துகொண்டது.

மரகதவடிவு மட்டும் தூங்கவில்லை. முதலில் போன வாரம் எழுதியது வந்தது, பிறகு போன வருஷம் எழுதியது. மேல்மட்டம் வடிய வடிய அடிமட்டம் தெரிகிற தொட்டி மாதிரி ஒவ்வொரு முறை தண்ணீர் விடும்போதும் இன்னும் பழையது வந்துகொண்டிருந்தது. அடியிலும் அடியில் என்ன கிடக்கிறது என்பது அவளுக்குத்தானே தெரியும்? மற்றவர்கள் எழுதியது ஒரு போனில் எழுதியது, ஒரு குழாயில்தான் வந்தது. அவள் எழுதியது ஆப் ஏறிய போன் அத்தனையிலும் இருக்கிறது, வந்தால் குழாய் அத்தனையிலும் வரும். தளவாய்க்கு மிச்சமாக இருந்தது அந்தத் 'தேன் மாதிரி இருக்கு' ஒன்றுதான். அதையும் ஊர் முன்னால் தட்டிக் கொட்டப்போகிறோமே என்று நினைத்தபோது அவள் எழுந்து போய் வீட்டுக் குழாயை இறுக்கி மூடினாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டு, பழையபடி வெறும் மணி மட்டும் வச்சுத் தாரேன்" என்று நகராட்சிக் கூட்டத்தில் போய்க் கெஞ்சினாள். வெறும் மணிக்கு அந்த வாக்கியம் தேவையில்லை; புதிதாக எழுதிவிடலாம்.

"எடுத்துட்டா என் காலை வணக்கம்?" என்றார் தலைவர் சங்கிலிமுத்து.

"அத எடுக்கத்தான் வேணும்."

"அப்போ தங்க மணி?" என்றது ஒரு குரல். "சாவு மணி?" என்றது இன்னொன்று. சாவு மணியை எடுத்தால் துக்கம் கேட்கப் போகாத பழி வரும் என்றார்கள். ஜெபக்கனி எழுந்து, "எங்க வீட்டுக்காரரு மனசுல என்ன இருக்குன்னு இத்தன வருசத்துல இந்த அண்டா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுல கைய வச்சிராதீங்க மதினி" என்றாள். கெட்டுப்போனதாக எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அவரவருக்கு வேண்டியதை விட்டுவிட்டு மற்றவர்களுடையதில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

தலைவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். எந்தப் பிரச்சினை வந்தாலும் அந்த ஊர் கண்டுபிடிக்கிற வழிதான்: அம்மன் கோயில் கொடைக்குப் பட்டிமன்றம் வைத்துவிடுவது. 'ஆள் சேர்ந்தால் ஆப் கெடுவது விதியா? வினையா?' என்று தெருவெங்கும் பேனர் கட்டினார்கள். விதியே என்று கடற்கரை பேசுவான். நாமே செய்த வினையே என்று ரஹ்மத்துல்லா பேசுவார். நடுவர் வெளியூரிலிருந்து வருகிறார். இறைவணக்கம், தளவாய்.

அன்று சாயங்காலம் மைதானம் கொள்ளவில்லை. மரகதவடிவை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். தளவாய் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு மேடையேறி, கண்ணை மூடிக்கொண்டு அம்மனைப் பாடினான். அம்மன் கல்லாக இருந்தது நல்லதாகப் போயிற்று. பாடி முடித்துவிட்டு, வழக்கம்போல ஒரு பார்வை மரகதவடிவைப் பார்த்தான். அவளும் வழக்கம்போலத் தலையை ஆட்டினாள்.

கடற்கரை ஆரம்பித்தான். "ரோட்டுல நாலு பேரு நடந்தா ரோடு தேயுது. தேர் பெருசானா வடம் அறுபடுது. ஆப்புல ஊரே ஏறி உக்காந்தா அது ஒழுகத்தான் செய்யும். கள்ளன் எங்க வருவான்? கூட்டம் உள்ள எடத்துக்குத்தான் வருவான். இது விதி, நடுவர் அவர்களே! இதுல பாஸ்வேர்டு வச்சவன், ஏத்திக் கொடுத்தவன்னு யாரையும் தனிப்பட்ட முறையில குறை சொல்லப்படாது."

ரஹ்மத்துல்லா எழுந்தார். "ஆள் சேந்ததுனால கெடல. சேந்த ஆளு ஒவ்வொருத்தரும் ஒண்ணொண்ணு கேட்டோம், கேட்டத யாரும் திருப்பிக் கொடுக்கல. கதவே இல்லாத சொவத்துல ஆளுக்கு ஒரு கதவு வச்சிட்டு, காத்து அடிக்குதேன்னு கேட்டா? உள்ள என்ன இருக்குன்னு நாலு பேரு பாக்கவும் விடல." இதைச் சொல்லும்போது அவர் முன்வரிசையைப் பார்க்கவில்லை. பார்க்காததுதான் மரகதவடிவைச் சுட்டது.

கைதட்டல் அடங்க, நடுவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். மேடைக்குப் பின்னால் இருந்த குழாயில் மணி அடிக்காமலே தண்ணீர் வந்துகொண்டிருந்தது. யாரோ பித்தளைச் சொம்பில் பிடித்து, நடுவர் முன்னால், மைக்குக்குப் பக்கத்தில் வைத்து, டம்ளரில் ஊற்றினார்கள். டம்ளர் நிறைந்தது. தெளிவான பித்தளைக் குரலில், நான்கு ஒலிபெருக்கியிலும் மைதானம் முழுக்க அது சொன்னது:

'தளவாய் பாட்டு சகிக்கலை.'

அதே நேரம் தெருக்குழாய்களிலும், கல்யாண மண்டபத்துத் தொட்டிகளிலும், ஆஸ்பத்திரியிலும், தலைவர் வீட்டு மாடியிலும் அதே வாக்கியம் விழுந்துகொண்டிருந்தது. மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் ஒன்றாக இருமினார்கள். அப்படியொரு இருமலை அந்த ஊர் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. வேப்ப மரத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன. மரகதவடிவு இருமவில்லை. பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று உட்கார்ந்திருந்தாள்.

ஊர் முறை தெரியாத நடுவர் மைக்கில் குனிந்து, "யாருங்க தளவாய்?" என்று கேட்டார்.

தளவாய் ஓரத்து நாற்காலியிலிருந்து எழுந்து கும்பிட்டான். "நாந்தான் சார். இன்னொண்ணு பாடட்டுமா?"

"பாடுங்க அண்ணாச்சி!" என்று மைதானமே கத்தியது. மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. "பிரமாதம் அண்ணாச்சி! அந்த அம்மன் பாட்டையே திருப்பிப் பாடுங்க!" அவன் பாடினான். திருப்பிப் பாடினான். வேறு பாடினான். இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வழியக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. கடைசியில் நடுவர், விதியும் வினையும் கணவன் மனைவி மாதிரி, ஒன்றில்லாமல் ஒன்றில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கார் ஏறினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது தளவாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "கூட்டம் நல்ல கூட்டம்லா?" என்றான்.

மரகதவடிவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. நடுத்தெருவில் நின்று அழுதாள். "நாந்தான் எழுதுனேன்."

"தெரியும்."

"இப்பத் தெரியும். நான் அன்னைக்கே..."

"அன்னைக்கே தெரியும் மரகதம்" என்றான் தளவாய். "ரெண்டு போன்லதான ஏத்துன? ஒண்ணு என்னது. குளிக்கப் போகும்போது போன எங்க வைப்பேன்? குளியலறை மாடத்துல. டிங்குன்னு மணி அடிச்சுது. தண்ணி வந்துட்டு போலன்னு எடுத்துப் பாத்தேன். நீ அழிக்கதுக்கு முந்தியே படிச்சிட்டேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"ஊர் சேந்துதான் கெட்டுதுன்னு கடற்கரை சொல்லுதான், ஆளாளுக்குக் கேட்டுக் கெட்டுதுன்னு ரஹ்மத்துல்லா சாரு சொல்லுதாரு. ரெண்டே பேரு இருந்தப்பவே ஒழுகிருக்கு. நாம ரெண்டு பேரும் ஒழுகலன்னு இருந்துட்டோம்."

"அப்போ எதுக்குப் பாடிக்கிட்டே இருந்திய? சென்னை வேலைய எதுக்கு விட்டிய?" அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்த ரகசியம், காக்கவேண்டிய ஆள் கையிலேயே இருந்திருக்கிறது. அதற்காக ரஹ்மத்துல்லாவைத் தடுத்து, ஒட்டுக்குமேல் ஒட்டுப் போட்டு, ஊரையே ஒழுகவிட்டிருக்கிறாள்.

"எனக்குப் பாடப் பிடிச்சிருக்கு, பாடுதேன். சென்னைல வாடகை வீட்ல பாடவிடுவானா?" என்றான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு குரல் இறங்கி, "என்னைக்காவது ஒரு நாள் மூஞ்சிக்கு நேரா நீயே சொல்லுவன்னு பாத்தேன். சொல்லலன்னதும், சொல்லுத வரைக்கும் சத்தமாப் பாடுவோம்னு பாடுனேன். கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றான்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் பார்க்க அவர்கள் கைகோத்து நடந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் அவள் ஆப்பைத் திறந்து, அந்த வாக்கியத்தைப் பிடுங்கினாள். எதிர்பார்த்தபடியே எல்லாம் படுத்தது. இந்தத் தடவை அவள் திருப்பிச் சொருகவில்லை. ரஹ்மத்துல்லாவுக்குப் போன் போட்டு, உள்ளே இருப்பதை எல்லாம் வந்து பார்க்கச் சொன்னாள். "இன்னைக்குக் கேரம் இருக்கே" என்றார் அவர். "முடிச்சிட்டு வாங்க" என்றாள்.

பொழுது நன்றாக ஏறுவதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மணி அடிக்கவில்லை என்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். மணியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

"மதினி, தண்ணி வந்துச்சு. ஆனா சும்மா வருது" என்றாள் ஜெபக்கனி, இடுப்பில் வெறுங்குடத்தோடு. "ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது."

"வெறும் தண்ணிய எப்படி டீச்சர் குடிக்கது?" என்றான் கடற்கரை. "நெஞ்சுல எறங்க மாட்டேங்குது."

"பழையபடி ஒழுகவிட்டுத் தாங்க" என்றார் தலைவர். "என் படம் இல்லன்னாலும் பரவால்ல." அவர் அப்படிச் சொன்னதைக் கேட்டு எல்லோருக்கும் நிலைமை எவ்வளவு மோசம் என்று புரிந்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியாமல், என்ன பேசுவது என்று தெரியாமல், காலிக் குடங்களோடு நின்றார்கள். இத்தனை நாளும் பேசியது குடம்தானே.

அப்போது உள்ளே தளவாய் பல் தேய்த்துக்கொண்டே எடுப்பாக ஒரு பாட்டைத் தொடங்கினான். கூட்டம் பழக்கதோஷத்தில் இருமுவதற்குத் தொண்டையைத் தயார் செய்தது. மரகதவடிவு உள்ளே திரும்பி, தெருக்கோடிவரைக்கும் கேட்கும்படி கத்தினாள்:

"ஏங்க! சகிக்கலை! நிறுத்துங்க!"

பாட்டு நின்றது. கூட்டத்துக்கு மூச்சும் நின்றது. வாயால் சொல்லிவிட்டாளே!

வாய் நிறையப் பற்பசையோடு உள்ளேயிருந்து குரல் வந்தது: "எந்த எடத்துல?"

"எல்லா எடத்துலயும்!"

"அப்படிச் சொல்லு" என்றான் தளவாய். வாயைக் கொப்புளிக்கிற சத்தமும், சிரிக்கிற சத்தமும் சேர்ந்து கேட்டன. "சரி, முதல்ல இருந்து பாடுதேன். ஒவ்வொரு எடமா நிறுத்திச் சொல்லு."

வாசலில் யாரும் இருமவில்லை. ஜெபக்கனி வெறுங்குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற கடற்கரையின் முகத்தை நேராகப் பார்த்து, "ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.